ஒரு முழ வயரில் மூன்று வெட்டு

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பதினொரு ஆசிரியர்கள் தினமும் போய்வந்தோம். 1987இல் நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கப் போனபோது எங்களை ஏற்றி இறக்கியது சில்வெஸ்ரர் அண்ணையின் படகு.

அவர் முன்பு கடற்றொழில் செய்தவர். நான் போவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் வைத்த உருளைக்கட்டை சறுக்கி, வள்ளத்தின் விளிம்பு அவருடைய வலது தோளில் இறங்கிவிட்டது. எலும்பு பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்தியது. அந்தக் கை அதன்பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. வலை இழுக்க முடியாது. கயிறு சுற்றி இழுத்து இன்ஜினைக் கிளப்பவும் முடியாது.

அப்போது கைகொடுத்தவர் இராயப்பு. துறையடியில் இன்ஜின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தவர், சில்வெஸ்ரரோடு ஒன்றாகப் படித்தவர், அவருடைய மூத்த மகள் கத்தரீனாவை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன். வலைகளை விற்கச் சொல்லி, மன்னாரிலிருந்து ஒரு பழைய நாற்பது குதிரைவலு இன்ஜினைத் தேடிக் கொண்டுவந்து படகில் பூட்டினார். அது கார்போல, திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினால் பற்றறியில் கிளம்பும். வயர் எல்லாம் இராயப்பு தன் கையாலேயே இழுத்தார். "இராயப்பு இல்லாட்டி நான் இண்டைக்குக் கதிரையிலை குந்திக்கொண்டு இருந்திருப்பன்" என்று சில்வெஸ்ரர் அண்ணை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் போன முதல் வருடம் தொல்லை இல்லை. அடுத்த வருடம் ஆடியில் ஒரு காலை, திறப்பைத் திருப்பினார், எதுவும் நடக்கவில்லை. 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. இராயப்பு வந்து, மூடியைத் திறந்து, பத்து நிமிடம் தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் கிளம்பியது.

"உப்புக் காத்து மச்சான். பழைய சாமான். வயரைத் தின்னும்" என்றார்.

அன்று மாலை சில்வெஸ்ரர் அண்ணை நல்ல பெரிய நண்டுகளாகப் பார்த்து வாங்கி இராயப்பு வீட்டுக்கு அனுப்பினார்.

புரட்டாதியில் நடந்ததுதான் எங்களைப் பயப்படுத்தியது. பள்ளிக்கூடம் முடிந்து திரும்பும்போது, பாதிக் கடலில் இன்ஜினின் விசிறியில் சாதாளைக் கடற்பாசி சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தி அதை அறுத்து எடுத்தார். திரும்பத் திறப்பைத் திருப்பினால் மௌனம். மூடியைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, இடது கையால் இழுத்தார். ஏழெட்டுத் தரம் இழுத்தார். பாலசிங்கம் மாஸ்ரர் எழுந்து இழுத்துப் பார்த்தார். கயிறு கழன்று வந்து அவருடைய முகத்திலேயே அடித்தது. ஆடுகிற படகில் நின்று அந்த இன்ஜினைக் கிளப்ப ஒரு பழக்கம் வேண்டும், எங்களில் ஒருவரிடமும் அது இல்லை. நீரோட்டம் எங்களை மேற்கே இழுத்தது. எங்களோடு ஏழு மாதக் கர்ப்பிணியாக ஒரு ரீச்சர் இருந்தார்; வாந்தி எடுத்துக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டார். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எழுவைதீவு மீன்பிடிப் படகொன்று கண்டு, கட்டி இழுத்து வந்தது. சில்வெஸ்ரர் அண்ணை கரைவரை ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் இராயப்பு வந்து இன்ஜினைக் கிளப்பிக் கொடுத்தார்; அன்றும் அவர் வீட்டுக்கு நண்டு போனது.

அடுத்த திங்கட்கிழமை துறையில் இன்னொரு படகு நின்றது. புது இன்ஜின். இராயப்புவின் மனைவியின் தம்பியுடையது. நாங்கள் எல்லோரும் அதில் ஏறினோம். நானும்தான்.

"கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்றார் சில்வெஸ்ரர் அண்ணை, தன் படகின் கயிற்றைப் பிடித்தபடி.

அந்தச் சொல் எனக்குள் கிடந்து குடைந்தது. மூன்றாவது சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். அவர் படகில் தனியே இருந்தார். முதல்நாள்தான் இராயப்பு வந்து கிறீஸ் போட்டுவிட்டுப் போனாராம். இன்றைக்கு மறுபடியும் கிளம்பவில்லை. இராயப்பு கலியாண வீடொன்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

"கரண்ட் எதுமட்டும் வருகுது எண்டு பாத்தனீங்களோ, அண்ணை?"

"அது இராயப்புவின்ரை வேலை, ரீச்சர். நான் உதிலை கை வைக்கிறேல்லை."

"இண்டைக்கு வைச்சுப் பாப்பம்."

மோட்டார் சைக்கிள் பல்ப் ஒன்றில் இரண்டு துண்டு வயர் கட்டினோம். முதலில் பற்றறியின் இரண்டு முனையிலும் தொட்டோம். கண் கூசும்படி எரிந்தது. பற்றறி நல்லது. பிறகு ஸ்ரார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் றிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஆணி கழற்றும் சாவியொன்றால் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். பொறி பறந்து, ஸ்ரார்ட்டர் 'கிர்' என்று சுழன்றது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"அப்ப ஸ்ரார்ட்டரும் பழுதில்லையோ?"

"இல்லை அண்ணை. திறப்பிலையிருந்து றிலேக்குப் போற மெல்லிய வயரிலைதான் ஏதோ."

பல்பின் ஒரு முனையை இன்ஜினின் இரும்பில் வைத்துக்கொண்டு, மற்ற முனையால் அந்த வயரைத் தேடிப்போனோம். திறப்பைத் திருப்பிவைத்தால், திறப்புத் துவாரத்தின் பின்புறத்தில் பல்ப் எரிந்தது. கியர் நடுவில் நிற்கும்போது மட்டும் கரண்டை விடுகிற சின்ன சுவிச்சுக்கு வந்தபோது எரியவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு முழ வயர்தான். அது படகின் விளிம்புப் பலகைக்கு அடியில், பார்வையில் படாமல் போனது. அவர் பலகையைக் கழற்றினார். வயரில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. உரித்தார்.

வயர் அறுந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது. பிளேட்டால் நேராக வெட்டி, நுனியோடு நுனி தொடும்படி மட்டும் விட்டு, மேலே ரேப் சுற்றியிருந்தது. படகு ஆடினால் விலகும்.

சில்வெஸ்ரர் அண்ணை நுனியைத் தடவிப் பார்த்தார். கடலில் செம்பு சில கிழமைகளில் பச்சை பிடித்துவிடும். இது புதுக் காசுபோல் மின்னியது.

"நேற்றையான் வெட்டு" என்றார்.

அவர் விரலை வயரோடு இழுத்துக்கொண்டு போனார். நாலு விரல் தள்ளி இன்னொரு ரேப். உள்ளே முறுக்கிக் கட்டிய ஒட்டு, செம்பு கறுத்திருந்தது. அதற்கப்பால் மூன்றாவது, பச்சை பூத்தது.

"இந்தப் பச்சை ஆடி. இந்தக் கறுப்பு புரட்டாதி, நாங்கள் கடலிலை நிண்ட நாள்." அவருடைய குரல் மெதுவாக இருந்தது. "ஒவ்வொருக்காவும் நான் அவனுக்கு நண்டு அனுப்பினனான், ரீச்சர்."

திங்கட்கிழமை பின்னேரம் இராயப்புவின் கொட்டிலுக்குப் போனார். என்னையும் வரச்சொன்னார். "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் பொய் சொல்லேல்லை எண்டு ஒராளுக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

வெட்டி எடுத்த வயரை மேசையில் வைத்தார். இராயப்பு அதைப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"உப்பிலை அறுந்திருக்கும்."

"உப்பு பிளேட் பிடிக்குமோ?"

இராயப்பு என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். "உனக்கு ஏலாது, சில்வெஸ்ரர். ஒத்தைக் கையோடை ஆக்களை ஏத்துறாய். நீயாய் விடுவாய் எண்டு பாத்தன். விடேல்லை."

"உன்ரை மச்சான் இன்ஜின் வாங்கினாப்பிறகுதானே எனக்கு ஏலாமல் போனது?"

இராயப்பு வயரை மேசையோரத்துக்குத் தள்ளிவிட்டார்.

"பதினொரு பேரோடை நடுக்கடலிலை விட்டனீ. ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தவ."

"அண்டைக்கு அப்பிடி வருமெண்டு நான் நினைக்கேல்லையடா."

அதற்குமேல் சில்வெஸ்ரர் அண்ணை கேட்டது ஒன்றுதான். "நண்டு நல்லாய் இருந்ததோ?"

அடுத்தநாள் புது வயர் வாங்கி, இடது கையாலும் பல்லாலும் தானே இழுத்துப் பூட்டினார். அந்த இன்ஜின் பிறகு ஒருநாளும் மறுத்ததில்லை. நான் அவருடைய படகுக்குத் திரும்பினேன். பாலசிங்கம் மாஸ்ரரும் கர்ப்பிணி ரீச்சரும் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. நான் கண்டதைச் சொன்னபோதும், "பழைய இன்ஜினை வைச்சுக்கொண்டு நல்ல மனிசன்மேலை பழி போடுறார்" என்றார்கள். அவர் நன்றி கெட்டவர் என்று இராயப்பு கோயில் வாசலில் சொன்னதாகக் கேள்விப்பட்ட அன்று, சில்வெஸ்ரர் அண்ணை அனலைதீவு வரை கரையைத் திரும்பிப் பார்க்காமல் படகை ஓட்டினார்.

1990இல் போர் மூண்டு தீவுகளை விட்டு எல்லோரும் வெளியேறினோம். அவருடைய குடும்பம் குருநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியது. தண்ணீர்ப் பம்புகளின் வயர் வேலை செய்து பிழைத்தார்.

நான்கு வருடத்துக்குப் பிறகு கத்தரீனாவின் கலியாணத்துக்குப் போனேன். சில்வெஸ்ரர் அண்ணையின் மனைவி சூசையம்மா, ஞானத்தகப்பனுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று இராயப்புவுக்கும் சொல்லியிருந்தார். அவர் வந்திருந்தார், நரைத்து, மெலிந்து. கோயிலுக்கு வெளியே சில்வெஸ்ரர் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சில்வெஸ்ரர் அண்ணை கையை இழுக்கவில்லை.

பந்தி நடக்கும்போது அவரிடம் கேட்டேன். "மன்னிச்சுப்போட்டீங்களோ, அண்ணை?"

"இல்லை, ரீச்சர். கோபம் போயிட்டுது. ஆனால் இண்டைக்கும் ஆரும் எனக்கு ஒண்டு திருத்தித் தந்தா, அவன் போனாப்பிறகு திறந்து பாக்கிறன். அவன் ஒரு பிழையும் செய்யாதவனாய் இருப்பான். எண்டாலும் பாக்கிறன்."

யாரோ தண்ணீர் கேட்டார்கள். செம்பை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார்.