குடிபோதை இல்லை, பூச்சிமருந்து

1. பி.பார்ம் இறுதியாண்டு விடுமுறைக்குத் திருக்காட்டுப்பள்ளி வந்திருந்தேன்.
2. மிராசுதார் வயலில் பூச்சிமருந்து தெளித்த முருகையன் வரப்பில் விழுந்துவிட்டார்.
3. "கூலி கேட்டுக் கொடி பிடிச்சவன்தானே, குடிச்சிட்டு நடிக்கிறான்" என்றார் மிராசுதார்.

முருகையனின் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன, எச்சில் வழிந்தது. மருந்தியல் பாடத்தில் படித்த அதே அறிகுறிகள்.

"குடி இல்லைங்க, விஷம் ஏறியிருக்கு. காரை எடுங்க."

"மாத்திரை எண்ணப் போறவளுக்கு டாக்டர் பேச்சென்ன?"

"இவர் செத்தா போலீஸ்ல முதல் சாட்சி நான்தாங்க."

கார் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டார்கள், முருகையன் பிழைத்துக்கொண்டார்.

விஷமுறிவு மருந்து ஆராய்ச்சிக்காக மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். இப்போதெல்லாம் மருந்து தெளிக்கும் முன்பே ஆட்களிடம் அந்த அறிகுறிகளைச் சொல்கிறேன். தன் வயலில் நான் கால் வைக்கக் கூடாது என்கிறார் மிராசுதார். ரோட்டில் நின்று சொல்கிறேன்.