உலையின் சூடு எவ்வளவு?

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த எனாமல் பாத்திரக் கம்பெனியில், மாதம் ஒருமுறை எங்கள் வேலையை நாங்களே சோதிப்போம். அதற்கான கேள்விப் பட்டியலைத் தயாரிப்பது என் பொறுப்பு. ‘உலையின் சூடு சரியா?’ என்ற பழைய கேள்விக்கு, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே ‘சரி’ என்று எழுதிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை அதை அடித்துவிட்டு, ‘சூடு இப்போது எவ்வளவு?’ என்று கேட்டு வைத்தேன்.

உலை மேஸ்திரி சிரித்தார். “மீட்டரு ஒடஞ்சி ரொம்ப நாளாவுது நைனா. இன்னான்னு எழுதறது?”

“அதையே எழுதுங்க.”

எழுதினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். “பழைய கேள்வியையே போடுய்யா!”

“போடறேன் சார். பதிலை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பேனாவைத் திறந்தவர், எழுதாமல் மூடிவிட்டார். அடுத்த மாதப் பட்டியலில் ‘சூடு இப்போது எவ்வளவு?’ என்பதையே முதல் கேள்வியாக வைத்தேன்.