அத்தை திருப்பி அனுப்பிய பாரை மீன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானத்துக்குப் பணிஸ் ரொட்டி கொடுக்கத் தொடங்கியபோது, அது ஒரு பாரை மீனால் கிடைத்த பாக்கியம் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த மீனை வேண்டாம் என்றவர் என் அத்தை. அப்போது அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலம் அது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த சந்து, அந்த ஒழுங்கை முழுக்க, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எப்போதோ கடல் தாண்டி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வேதக்காரக் குடும்பங்கள். தாயில்லாத என்னை வளர்த்தவர் அப்பாவின் அக்கா. ஒருநாள் ஒரு டாக்டர் அம்மா வந்தார். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகின்றன என்று ஆராய்கிறாராம். தமிழர் கதவு திறக்கமாட்டார்கள் என்று மற்ற டாக்டர்கள் விட்டுவிட்டுப் போன இடத்துக்கு இவர்தான் முதலில் வந்தவர். பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகக் கதைத்தார். நாளைக் காலையில் சமைக்குமுன் எல்லாவற்றையும் பச்சையாக நிறுப்பேன், மத்தியானம் தட்டுகளை நிறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்கூட்டியே சொன்னதுதான் வினையாகிப்போனது. அவர் ஒழுங்கை முனையைத் தாண்டுமுன்பே கதை பரவிவிட்டது.

"சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்களக் கண்டுபிடிச்சு, இந்தியாவுக்குக் கப்பலேத்தப் போறாங்களாம்!"

துறைமுகத்தில் இந்தியாக்காரர்களைக் கழித்துக்கட்டும் பேச்சு ஏற்கெனவே இருந்ததால், இதை யாரும் சந்தேகிக்கவில்லை. எல்லோரும் கூடி, வாலில் கடிபட்ட பெரிய பாரை மீன் ஒன்றை வாங்கினார்கள். காலையில் அது ஒரு வீட்டில் தராசில் ஏறியது. டாக்டர் அம்மா முன்வாசலால் வெளியேற, மீன் பின்மதிலால் அடுத்த வீட்டுக்குப் போனது. மூன்றாம் வீட்டில் அவர் அந்த வாலைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். நல்ல மனுஷி, எடையை மட்டும் எழுதிக்கொண்டார்.

எங்கள் முறை வந்தபோது அடுத்த வீட்டுப் பெரியம்மா மதிலுக்கு மேலால் மீனை நீட்டினார். என் வாயில் எச்சில் ஊறியது. அத்தை கையை நீட்டவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? கப்பல்ல ஏத்திருவாங்க!" என்றார் பெரியம்மா.

"ஏத்தட்டும் அக்கா. நம்ம புள்ளைங்க மீன் திங்குதுன்னு எழுதிட்டா, அப்புறம் அதுங்க பசிய யாருகிட்டப் போய்ச் சொல்லுறது?"

அத்தைக்குப் பயம் இல்லாமலில்லை. டாக்டர் அம்மா உள்ளே வந்ததும் அத்தை சிங்களத்தில் அதைத்தான் முதலில் கேட்டார்: எங்களை அனுப்பிவிடுவார்களா? தான் கண்டதைத்தான் எழுதுவதாகவும், அதை வைத்து மேலிடம் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார் டாக்டர் அம்மா. பெரிய ஆறுதல் ஒன்றுமில்லாத அந்தப் பதில் அத்தைக்குப் பிடித்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கையும் நாலு வெங்காயத்தையும் கொண்டுவந்து தராசில் வைத்தார். அவரைப்போல் தைரியமான பெண்ணை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

மத்தியானம் டாக்டர் அம்மா வெறுந்தரையில் உட்கார்ந்தார். தினமும் எப்படியோ அப்படியே போடுங்கள் என்றார். அன்று வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த அப்பாவுக்கு முதலில் போட்டார் அத்தை. பிறகு எனக்கு. அதற்குப் பிறகு கரண்டி நின்றுவிட்டது. எப்போதும் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சாப்பிடுவார். அவருடைய தட்டை நாங்கள் பார்த்ததே கிடையாது. அந்நிய மனுஷிக்கு முன்னால் சாப்பிட வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அத்தை அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டியின் அடியில் கிடந்த ஒரு துண்டைத் தட்டில் போட்டு, கிழங்கு அவித்த தண்ணீரை ஊற்றி, தராசில் வைத்தார்.

டாக்டர் அம்மா அதை மறுபடியும் நிறுத்தார். அப்பா சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வெளியே போனார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒழுங்கைக்கு ஓடினேன்.

"அத்தைய ஜெயிச்சிட்டேன்! என் தட்டுதான் பாரம்!"

மத்தியானத் தட்டுகளுக்கு வெட்டிப் பங்குபோட வேண்டிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தையின் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மீனை அப்படியே படியில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார்.

"நோனா, எங்க வீட்டையும் இன்னொருக்கா நிறுங்க" என்றார்.

அவ்வளவு பெரிய மீனை ஒருமுறை நிறுத்து முடிந்த பிறகும் இவருக்கு ஏன் ஆசை அடங்கவில்லை என்று யோசித்துக்கொண்டு, படியில் கிடந்த மீனுக்குக் காவலாக நான் உட்கார்ந்திருந்தேன்.