பின்னால் நின்றவர்கள்

அந்தச் சலவைக்கூடத்தில் துணிச்சலுக்கு ஒரு நடைமுறை இருந்தது. எல்லோரும் சேர்ந்து கொதிப்பார்கள். ஒருத்தி மட்டும் போய்ப் பேசுவாள். அந்த ஒருத்தி, இஸ்திரி மேசையில் வேலை பார்த்த பெரியக்கா. அவளைவிட மூத்தவர்கள் நாலைந்து பேர் அங்கே உண்டு. அந்தப் பட்டம் வயதுக்கல்ல, வாய்க்குக் கிடைத்தது.

"நீங்க பேசுங்கக்கா, நாங்க பின்னாடியே நிக்கிறோம்" என்பார்கள்.

மேலாளர் அறைக்குள் போனபின் அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், பாவம், அப்புறம் எப்படி முகத்தில் விழிப்பார்கள்? இந்த இங்கிதத்துக்குத் தலைமை என்று பெயர் வைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மதியம் இஸ்திரிப்பெட்டி வயரில் பொறி பறந்து, குவித்திருந்த விரிப்புகள் பற்றிக்கொண்டன. பின்கதவுக்கு ஓடினார்கள். துணி திருடுபோகிறதென்று அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. யாரோ மெயினை அணைத்து, ஈரத்துணியை அள்ளிப் போட்டதால் எல்லோரும் இருமலோடு தப்பினார்கள்.

"உலகத்துல இருக்கிற கதவெல்லாம் நீதான் திறக்கணுமா?" என்றார் அன்றிரவு அவள் கணவர், சாப்பிட்டுக்கொண்டே.

"எல்லாம் வேணாம். அந்த ஒண்ணு போதும்."

மறுநாள் அவள் போய்க் கேட்டபோது மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லதாய்ப் போயிருக்கும்.

"தாராளமா திறங்கம்மா. ஆனா ஒரு துண்டு காணோம்னா நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க சார்."

வாய் முந்திக்கொண்டது. துணிச்சல்காரர்களுக்கு உள்ள வியாதி.

சங்கிலி கழன்றது. கதவருகே ஒரு முக்காலி வந்தது. வேலை முடிந்தால் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும், பெரியக்கா பையைச் சோதிக்கவேண்டும் என்று உத்தரவு. மறுத்தால் சங்கிலி திரும்பி வந்துவிடும். உட்கார்ந்தாள்.

"போலீஸம்மா, என் டிபன் டப்பாவுல ரெண்டு கம்பளி இருக்கு, பாத்துக்கோங்க" என்றாள் துவைக்கிற பக்கத்துக் குள்ளச்சி. எல்லோரும் சிரித்தார்கள், பெரியக்காவும்தான்.

பிறகு ஒரு துண்டு காணாமல் போனது. இனி உடம்பையும் தடவிப் பார்க்கவேண்டும் என்றார் மேலாளர். கதவு திறந்திருக்கட்டும் என்று அதையும் செய்தாள், யார் முகத்தையும் பார்க்காமல். கேலி நின்றது. பேச்சும் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

கடைசியில் குள்ளச்சிதான் வந்தாள்.

"அக்கா, அந்தக் கதவைப் பூட்டிடச் சொல்லுங்களேன்."

"அன்னைக்கு மூச்சு முட்டினது மறந்துடுச்சா?"

"புகையில ஒரு தடவைதான் சாவோம். இங்க தினம் சாவுறோம்." பிறகு, பழக்கதோஷத்தில், "நீங்க பேசுங்கக்கா, நாங்க பின்னாடியே நிக்கிறோம்."

மேலாளர் அறையில் வழக்கத்துக்கு மாறாக முதுகுக்குப் பின்னால் சலசலப்பு. முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நடைவழிகூட நிறைந்திருந்தது.

அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மேலாளர் இழுப்பறையிலிருந்து பூட்டை எடுத்து நீட்டினார்.

"நீங்களே போட்டுடுங்கம்மா."

போட்டாள்.