உட்காரும் பலகை, உண்ணும் பலகை

டென்மார்க்கில் மனிதர்கள் பலகையில் சாப்பிடுகிறார்கள். நம்மூரில் பலகையைப் போட்டு உட்கார்ந்து இலையில் சாப்பிடுவோம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ரொட்டியையும் சீஸையும் பலகையில் வைத்துக்கொள்கிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை இல்லாத ஞாயிறுகளில் லோப்பமார்கெட் என்கிற பழைய சாமான் சந்தையில்தான் கிடப்பேன். தேக்குக் கிண்ணங்கள், பளிங்குத் தட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நடுவில் கறுப்புக் கல் பதித்த ஐந்து தேக்குப் பலகைகள். இருபது வருஷத்துக்கு முந்தைய வேலைப்பாடு, ஓர் ஆணி கிடையாது. தேக்கு நம் பக்கத்து மரம். கப்பலேறி வந்து இங்கே பேர் வாங்கியிருக்கிறது, என்னைப் போல. பெருமைதான், மறைப்பானேன்?

திருத்தணியிலிருந்து நைனா வந்தபோது அவர் இந்தப் பலகையில் ஒருவேளையாவது சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அரக்கோணம் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். வீட்டில் அவருக்கென்று ஒரு பலாமரப் பலகை உண்டு. விருந்தாளி வந்தால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டு உட்காரவைப்பார். என் பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு, பழைய சாமான் என்றதும் முகம் மாறிவிட்டது.

“யாரோ துன்ன எச்சிப் பலகைய காசு குட்த்து வாங்கிக்கினு வந்துகிறியேம்மா. எனுக்கு என் தட்டு போதும்.”

பெட்டியில் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துவைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு இங்கரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவள் வந்ததும் பலகைகளை மேஜையில் பரப்பிவிட்டு வடை எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தால், நைனா இரண்டு பலகைகளைத் தரையில் போட்டு, ஒன்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மற்றதை அவளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பலகைகளின் விலை தெரிந்த இங்கர் வெலவெலத்துப்போய், தரையில் உட்காரச் சொல்கிறாரே, உன் அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று டேனிஷில் கேட்டாள். கோபமில்லை, உனக்கு மரியாதை செய்கிறார் என்றேன். அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அவளுக்கு மூன்றாவது பலகையை முன்னால் வைத்து எலுமிச்சை சாதமும் வடையும் பரிமாறினேன். நைனாவுக்கு வழக்கம்போல எவர்சில்வர் தட்டு. அவர் அவளுடைய பலகையைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவைத்தார்.

“ஒரே பந்தியில ரெண்டு மாரி வைக்கக் கூடாதும்மா. அந்தம்மாவுக்கு வச்ச மாரியே எனுக்கும் வையி.”

நாலாவது பலகையில் சோறு வைத்தேன். நைனா பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வடை கேட்டார். இங்கரும் கையாலேயே சாப்பிட்டாள்.

“நீயும் வந்து குந்தும்மா” என்றார் நைனா.

மேஜையில் மிச்சமிருந்தது ஒரே பலகை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கீழே போட்டு உட்காருவதா, முன்னால் வைத்துச் சாப்பிடுவதா என்று தெரியாமல்.