உச்சி வெட்டிய பாட்டு

திரைச்சீலைக் கடையின் பின்னறையில் எல்லாத் தையல் மெஷின்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவள் பாடினால் வாசலில் நிற்பவருக்குக் கேட்கும். அதனால் கடையில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், அடிக்குரல்காரர். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் இருவரும் சேர்ந்து போய்ப் பாடுவார்கள். அவள் வாயைத் திறந்தபின் அவர் பாடுவது யார் காதிலும் விழாது. அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாத உறவினர் இல்லை. அவரும் சிரித்துக்கொள்வார்.

பழக்கமான ரெக்கார்டிங்காரர் ஒருவர் தன் சின்ன அறையில் அவர்களைப் பாடவைத்துச் சில பாட்டுகளைப் பதிவு செய்து கொடுத்தார். வெண்கலம் கடையில் போட்டுக் காட்டினாள். மற்ற பாட்டுகளுக்கு நடுவே இவர்கள் பாட்டு வந்ததும் போன் முணுமுணுத்தது.

"என்னக்கா, கிணத்துக்குள்ள இருந்து பாடுறீங்களா?" என்றான் துணி வெட்டுபவன்.

ரெக்கார்டிங்காரரிடம் கொடுத்துச் சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லலாம் என்று அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னாள். "இதுக்குப் போய் அவரைத் தொந்தரவு பண்ணணுமா? சத்தத்தைக் கூட்டுறது என்ன பெரிய வித்தையா, நான் பாத்துக்கறேன்," என்றார்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டினார், சேமித்தார், போதவில்லை என்று அதன்மேலேயே மறுபடி கூட்டினார். பிறகு சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார். சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் அவள் குரல் மேலே ஏறுகிற இடங்களிலெல்லாம் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கரகரப்பு.

"வெண்கலம் விரிசல் விட்டுருச்சு போலிருக்கே," என்றான் துணி வெட்டுபவன். அறையே சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டாள். "என் தொண்டை போயிருச்சாங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வயசாகுதில்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் குடு," என்றார்.

வெந்நீர் குடித்தாள், ஆவி பிடித்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். பயத்தில் குரல் இறுகி நிஜமாகவே உடைந்தது. சோப்புப் பெட்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர்மேலும் எரிச்சல்பட்டாள். கடையில் நூல் அறுந்தால்கூட மெஷினைத் திட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. "நீ பாடாம எனக்கென்ன வரவேற்புக்கா?" என்று தங்கை அழுதாள். வெண்கலம் மாட்டேன் என்றுவிட்டாள். வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணோடு கணவர் மேடையேறிப் பாடினார். அன்று அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. இவள் கடைசி வரிசையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில மாதம் கழித்து, புதிதாகச் சில பாட்டுகள் பதிவு செய்யலாம் என்று ரெக்கார்டிங்காரர் அவளைக் கூப்பிட்டார். முடியாது என்று நேரிலேயே சொல்லிவிட, கடை விட்டு வரும் வழியில் போனாள்.

"இனிமே நம்மளால ஆகாதுங்க. அந்தப் பாட்டுலயே தெரியலையா உங்களுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. தன்னிடமிருந்த மூலப் பதிவைப் போட்டு, ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தை ஏற்றினார். அவள் குரல் ஒரு பிசிறில்லாமல் மேலே போய் நின்றது. அவள் தன் போனை நீட்டினாள். அதிலிருந்த பாட்டையும் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டின் ஒலி அலைகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். ஒன்றில் மேடும் பள்ளமும் இருந்தன. மற்றதில் மேடெல்லாம் கத்திரித்து விட்டதுபோல் ஒரே மட்டமாக இருந்தது.

"மொத்தப் பாட்டையும் ஒரே அளவா மேல தூக்கலாம், ஒண்ணும் கெடாது. ஆனா பதிவு தாங்கற சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. இருக்கறதுலயே உயரமான உச்சி அதைத் தொட்டதும் நிறுத்திடணும். மேல தூக்கினா உச்சியெல்லாம் வெட்டுப்பட்டுரும். நீங்க பாடுற இடந்தான் உயரம், அதான் உங்க குரல் அடி வாங்கியிருக்கு. தொண்டையில ஒண்ணுமில்லம்மா." பிறகு, "உங்க வீட்டுக்காரர் எனக்கும் இதை அனுப்பினாரே, அப்பவே அவர்கிட்ட போன்ல சொன்னேனே. பாட்டு கெட்டுப்போச்சு, பழசை வந்து வாங்கிக்குங்கன்னு. சரின்னாரே," என்றார்.

"எப்போ?"

"உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி."

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். கணவர் தரையில் பேப்பர் விரித்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ரெக்கார்டிங்காரர் உன்கிட்ட சொன்னாரா இல்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் 'நீ' என்று பேசியதில்லை. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சொன்னாரு. நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே தொண்டைன்னு முடிவு பண்ணிட்ட. எல்லாருக்கும் அனுப்பியும் ஆச்சு. நாந்தான் கெடுத்தேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"டாக்டர் முன்னாடி நான் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தப்ப பக்கத்துலதானே நின்ன? என் தங்கச்சி அழுதப்பவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? மேடையேறிப் பாட மட்டும் வாய் இருந்துச்சா?"

பேப்பரில் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒன்றாகச் சேர்த்தபடி அவர் சொன்னார். "நான் ஏத்தினதுல உன் உச்சி வெட்டுப்பட்டு, என் குரல் நல்லா கேட்டுச்சு. முதல் தடவையா."

ஏதாவது பொய் சொல்லியிருந்தால்கூட அவள் கோபம் ஆறியிருக்கும். உண்மையைச் சொன்னதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"கேக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. மைக்கை விட்டுத் தள்ளி நின்னு பாடியிருப்பேனே. என் தொண்டையைக் கொன்னுதான் உன் குரல் கேக்கணுமா?"



மறுநாளே ரெக்கார்டிங்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, மூலப் பதிவிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் கூரை தொடும் மட்டும் தன் கையாலேயே தூக்கினாள். சினிமாப் பாட்டளவுக்குச் சத்தம் வரவில்லை. பரவாயில்லை என்று எல்லாருக்கும் அனுப்பினாள். கூடவே எழுதினாள்: 'முன்பு வந்தது என் கணவர் கெடுத்த பாட்டு. இதுதான் நான் பாடியது. சத்தம் போதாவிட்டால் உங்கள் போனில் கூட்டிக்கொள்ளுங்கள்.' முதல் வரியை எடுத்துவிடும்படி கணவர் கெஞ்சினார். எடுக்கவில்லை.

துணி வெட்டுபவனின் மேசைமுன் நின்று முழுப் பாட்டையும் போட்டாள். அவன் கத்திரியை வைத்துவிட்டுக் கேட்டான். "தெரியாம பேசிட்டேன்க்கா," என்றான். "தெரியலைன்னா பேசாத," என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள்.

பயம் போனதும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். வரவேற்பில் பாடவேண்டியிருந்த பாட்டை, முன்னறைச் சோபாவில் உட்கார்ந்து தங்கைக்கு மட்டும் பாடினாள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட கணவர் வெளியே படிக்கட்டில் நின்றிருந்தார்.

"மாமாவைக் கூப்பிடட்டாக்கா?" என்றாள் தங்கை.

"அங்கயே கேக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.