லேகியமும் நான் குடித்த பாலும்

அப்போது நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கொட்டாரம் என்ற ஊரில் ஒரு வைத்தியரின் மருந்துக்கடையில் சேர்ந்தேன். அவரை எல்லோரும் ஆசான் என்பார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்திருந்தேன். மருந்துப் பெயர் வாசிக்க வராது என்பதால் பூண்டு உரிக்க உட்கார்த்தினார். ஒரு மாதம் குறை வராவிட்டால் வேலை நிலைக்கும் என்றார்.

முதல் நாளே உரித்த கையால் கண்ணைக் கசக்கினேன். கடைக்கு வந்தவர்கள் வீட்டில் யாருக்குச் சாவு என்று விசாரித்தார்கள்.

ஆசான் பூண்டைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. வாயு இறங்கும், தாய்ப்பால் ஊறும், நசுக்கிப் போட்டால் பாம்பு வராது என்பார். அமிர்தத்தைத் திருடிக் குடித்த அசுரனின் தலையை வெட்டியபோது சிந்திய துளிதான் பூண்டாக முளைத்ததாம். குணம் அமிர்தத்தினுடையது, நாற்றம் அசுரனுடையது. நான் தலையாட்டிக்கொண்டே உரிப்பேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மயிலாடிக் கல்தச்சர் ஒருவர் பிள்ளை பெற்ற மகளுக்கு லேகியம் கேட்டிருந்தார். பூண்டைப் பால் வற்றும்வரை பாலில் வேகவைக்க வேண்டும். அப்போதுதான் காரம் போகும். பிறகு மசித்துக் கருப்பட்டிப் பாகில் கிண்ட வேண்டும். அதை என்னிடம் விட்டுவிட்டு ஆசான் வெளியே போயிருந்தார். எப்படியும் வற்றப்போகிற பால்தானே என்று குடித்துவிட்டேன். பூண்டு தண்ணீரில் வெந்தது. அதையே கிண்டித் தச்சருக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் தச்சர் லேகியம் இருந்த பரணி ஜாடியோடு வந்து நின்றார்.

"ஆசானே, எம் மவ நெஞ்சு எரியுதுன்னு கிடந்து அழுகா."

ஆசான் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து என்னிடம் நீட்டினார். தின்றேன். தொண்டையில் தீ இறங்கியது.

"எப்பிடிலே இருக்கு?"

"நல்ல ருசி ஆசானே."

"அப்ப இன்னும் ஒண்ணு தின்னு."

மூன்றாவது உருண்டையில் உண்மை வெளியே வந்தது. கண்ணீரும் வந்தது.

"திருடிக் குடிச்சவன் கதைய எத்தன தடவ சொன்னேம்லே உனக்கு?" என்றார் ஆசான். தச்சர் கோபத்தை மறந்து சிரித்தார்.

ஆசானே புது லேகியம் கிண்டினார். நான் நடந்தே மயிலாடிக்குக் கொண்டுபோனேன். அது அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொண்டது. திரும்பி வந்து, நாளை முதல் வரவேண்டாமா என்று கேட்டேன்.

"போகாண்டாம். அந்தப் பரணிய நீதான் தின்னு தீக்கணும்."

காலையில் ஒரு உருண்டை, மாலையில் ஒரு உருண்டை. பத்தியமும் உண்டு, புளி, மீன் கிடையாது. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேலை நிலைத்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பாலில் என்றால் பாலிலேயே வேகவையுங்கள். பூண்டு வாயுவுக்கு நல்லதா என்று சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். பிள்ளை பெறாமலே நாற்பது நாள் பத்தியம் இருந்தவன் நான்.